மாசாய் மாராவுக்கு மூன்று நாள்: பேக்கேஜுக்குப் பணம் கட்டுமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்

கிளையில் படுத்திருந்த சிறுத்தை எழுந்து சோம்பல் முறித்தது. தொங்கிய வால் ஒருமுறை மெல்ல ஆடியது. இறங்கப் போகிறது என்று சுற்றியிருந்த வண்டிகளில் எல்லாரும் கேமராவைத் தூக்கினார்கள். எங்கள் டிரைவர் மட்டும் வண்டியை ஸ்டார்ட் செய்தார். மணி 9:20. பத்து மணிக்குள் சரணாலய வாயிலைத் தாண்டாவிட்டால் ஆளுக்கு இன்னொரு 200 டாலர், மூன்று பேருக்கு 600. அம்மா கடைசிவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். குலுங்கிக் குலுங்கி 9:52க்கு வெளியே வந்து சேர்ந்தோம்.

இந்தப் பத்து மணி விதி எங்களுக்கு அன்று காலையில்தான் தெரியும். பேக்கேஜ் விற்றவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டவை இன்னும் நிறைய. அவற்றை வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் போனது கென்யாவில் உள்ள மாசாய் மாரா வனவிலங்குச் சரணாலயத்துக்கு, ஆகஸ்டில், இரண்டு இரவு மூன்று பகல். நான், கணவர், 62 வயது அம்மா. தான்சானியா, தென்னாப்பிரிக்கா பக்கம் போகிறவர்களுக்கு விதிகள் வேறு. இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. முதலில் மாதம், பிறகு மற்றதெல்லாம்

தேதியைப் பொறுத்து டிக்கெட் செலவு பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும். மாரா சரணாலயத்தின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர், அதற்குக் கீழே இலவசம். 2024இல் வந்த கட்டணம் இது. புக் செய்யும்போது மாறியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன் 30 அன்று போகிறவருக்கும் ஜூலை 1 அன்று போகிறவருக்கும் ஒரே சிங்கம்தான், டிக்கெட் மட்டும் இரண்டு மடங்கு.

பிறகு ஏன் ஜூலைக்குப் பிறகு கூட்டம் அலைமோதுகிறது? தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் பெரிய மான்) புல்லைத் தேடி மாராவுக்கு வருவது அப்போதுதான். சுமாராக ஜூலை முதல் அக்டோபர் வரை அவை இங்கே இருக்கும். மாரா ஆற்றை அவை கடப்பதும், முதலை இழுப்பதும் பார்க்க வேண்டும் என்றால் அந்த மாதங்கள்தான். ஆனால் ஆற்றைக் கடப்பது ரயில் நேரம் போலக் குறித்து வைத்து நடப்பதில்லை. நாங்கள் கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆயிரக்கணக்கில் வந்தன, தண்ணீர் விளிம்பு வரை இறங்கின, முன்னால் நின்ற ஒன்று எதையோ கண்டு மிரண்டது, அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் திரும்பிப் போய்விட்டது.

சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, காட்டெருமை எல்லாம் வருஷம் முழுக்க அங்கேயே இருப்பவை. முதல்முறை போகிறீர்கள், கையைக் கடிக்கக் கூடாது என்றால் ஜனவரி கடைசி, பிப்ரவரி நல்லது. வறண்ட காலம், புல் குட்டை, டிக்கெட் பாதி.

நம் ஊர் விடுமுறைக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல், மே கோடை விடுமுறை அங்கே நீண்ட மழைக்காலம் (மார்ச் முதல் மே வரை). பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறைதான் பொருத்தம், அதிக டிக்கெட் விலையையும் சேர்த்து.

2. வாயிலுக்கு உள்ளே தங்குகிறீர்களா, வெளியேயா?

இதுதான் என்னைக் கடித்த பாம்பு. நிதானமாகப் படியுங்கள்.

டிக்கெட் 'ஒரு நாள்' என்பது பகல் 12 மணி நேரம், காலை 6 முதல் மாலை 6 வரை. வாயிலுக்கு வெளியே தங்கினால் ஒவ்வொரு பகலுக்கும் தனி டிக்கெட். சரணாலயத்துக்கு உள்ளேயே தங்கினால் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஒன்று; ஆனால் கிளம்பும் நாள் காலை 10 மணிக்குள் வாயிலைத் தாண்டிவிட வேண்டும். தாண்டாவிட்டால் அந்த நாளுக்கும் முழு டிக்கெட்.

மூன்று நாள் இரண்டு இரவு பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே தங்கி, முதல் நாள் மாலை, இரண்டாம் நாள் முழுக்க, மூன்றாம் நாள் காலை என்று உள்ளே போனால் ஆளுக்கு மூன்று டிக்கெட், ஜூலைக்குப் பிறகு 600 டாலர். உள்ளே தங்கினால் இரண்டு டிக்கெட், 400 டாலர். எங்கள் மூவருக்கும் இரண்டு டிக்கெட் கணக்கிலேயே 1,200 டாலர். டிக்கெட்டுக்கு மட்டும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்.

விலை குறைந்த கூடார விடுதிகள் பெரும்பாலும் செகெனானி, டாலெக், ஓலோலைமுட்டியா வாயில்களை ஒட்டி வெளியேதான் இருக்கின்றன. உள்ளே இருப்பவை விலை அதிகம். ஆகவே வெளியே தங்குவது மலிவு என்று தோன்றும். டிக்கெட்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிலர் பேக்கேஜ் விலையைக் குறைத்துக் காட்ட 'நுழைவுக் கட்டணம் தனி' என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வேறு சிலர் மூன்றாம் நாள் காலைச் சவாரி என்று போட்டுவிட்டு, 'வாயிலுக்கு வெளியே சுற்றிக் காட்டுவோம்' என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. கேட்டால் சொல்வார்கள், கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வழியும் உண்டு. சரணாலயத்தை ஒட்டி மாசாய் மக்களின் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் 'கன்சர்வன்சி' என்ற தனி வனப்பகுதிகள் இருக்கின்றன: நபோய்ஷோ, ஓலாரே மோடோரோகி, மாரா நார்த் போன்றவை. அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால் வண்டிக் கூட்டம் குறைவு. இரவுச் சவாரி, காவலரோடு நடந்து போவது போல சரணாலயத்துக்குள் அனுமதியில்லாதவையும் அங்கே உண்டு. விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. எட்டுகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

3. ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை

சொந்தமாக வண்டி எடுத்து ஓட்டிப் போகலாம்தான். முதல்முறைக்கு வேண்டாம். உள்ளே பாதை கிளை கிளையாகப் பிரியும், விலங்கு எங்கே என்பது டிரைவர்களின் வயர்லெஸ் பேச்சில்தான் தெரியும்.

நைரோபியில் சஃபாரி விற்கும் கம்பெனிகள் எண்ணி முடியாது. கென்யாவின் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா, கென்ய டூர் ஆபரேட்டர்கள் சங்கமான 'காட்டோ'வில் உறுப்பினரா என்று பாருங்கள். சங்கத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடினாலே தெரியும். டிரைவர் வழிகாட்டிகளுக்கு அவர்களின் தொழில் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. வெண்கலம் இருந்தாலே போதும். எங்களுக்கு வந்தவர் வெள்ளி. அரை கிலோமீட்டர் தள்ளிப் புல்லில் தெரிந்த ஒரு காதை வைத்தே சிங்கம் என்று சொன்னார்.

அப்புறம் வண்டி. கூரை திறக்கும் வேன், கூரை திறக்கும் லேண்ட் குரூசர் ஜீப் என்று இரண்டு வகை. வேன் மலிவு. வறண்ட காலத்தில் ஓடிவிடும். மழை பெய்தால் கதை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். வயதானவர்கள் வந்தால், மழை மாதம் என்றால் ஜீப்புக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பணம் கட்டுமுன் இவற்றுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். தங்குமிடம் வாயிலுக்கு உள்ளேயா, வெளியேயா, எந்த வாயில்? விலையில் எத்தனை டிக்கெட் சேர்ந்திருக்கிறது? வேனா ஜீப்பா, வண்டியில் மொத்தம் எத்தனை பேர், எல்லாருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா? வண்டி பழுதானால் மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் வரும்? அவசர விமான மருத்துவ உதவி சேர்ந்திருக்கிறதா? (ஆம்ரெஃப் பறக்கும் டாக்டர்கள் என்ற சேவை இருக்கிறது, நல்ல ஏற்பாட்டாளர்கள் பலர் அதில் சேர்த்தே விற்கிறார்கள்.) முன்பணம் போக மீதியை எப்போது, எந்த வழியில் கட்ட வேண்டும்? 'நேரில் வந்து ரொக்கமாகக் கொடுங்கள், தள்ளுபடி தருகிறேன்' என்றால் நழுவிவிடுங்கள்.

இந்திய ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு பேக்கேஜ் வாங்கினால் விலைக்கு மேல் டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள். அது போன பணமில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

4. மஞ்சள் காய்ச்சல் ஊசி: பத்து நாள் கணக்கு

இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா இந்த ஊசியைக் கேட்பதில்லை. அதனால் பலரும் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கேட்பது இந்தியா, திரும்பி வரும்போது. கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து வருகிறவர் கையில் ஊசிச் சான்று இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

சான்று ஊசி போட்ட அன்றே செல்லாது. பத்து நாள் கழித்துத்தான் செல்லும். நாங்கள் கிளம்ப 12 நாள் இருக்கும்போதுதான் ஓடினோம். ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும்.

இதை எந்த கிளினிக்கிலும் போட முடியாது, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம் இரண்டும் தெரிந்த இடங்கள். கட்டணம் பெரிதில்லை, நாள்தான் பிரச்சினை. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் போடுவார்கள். முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். அசல் பாஸ்போர்ட், அதன் நகல் கையில் இருக்கட்டும். மஞ்சள் அட்டையில் எழுதித் தரும்போது பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று அங்கேயே, கவுன்டரை விட்டு நகராமல் பாருங்கள். என் அட்டையில் ஓர் எண் தவறு. வீட்டுக்கு வந்து பார்த்து, மறுபடி ஓர் அரை நாள் போனது.

வயதானவர்களுக்கு: இது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமியால் ஆன ஊசி. 60 வயதுக்கு மேல், கர்ப்பிணிகள், முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. அம்மாவுக்கு எங்கள் குடும்ப டாக்டர் பழைய ரிப்போர்ட்டை எல்லாம் பார்த்துவிட்டுக் கடிதம் கொடுத்த பிறகே போட்டார்கள். 'போட வேண்டாம்' என்று டாக்டர் சொல்லியிருந்தால் பயணத்தையே மறுபடி யோசித்திருப்போம். இதனால்தான் சொல்கிறேன்: விமான டிக்கெட் போடுமுன் டாக்டரைப் பாருங்கள்.

அதே சந்திப்பில் மலேரியா மாத்திரையையும் கேட்டுவிடுங்கள். மாராவில் மலேரியா உண்டு. எந்த மாத்திரை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டியிருக்கும், அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஒரு வாரம். முன்னது மலிவு, ஆனால் வெயிலில் தோலைப் படுத்தும். நாள் முழுக்க வெயிலில்தான் இருக்கப் போகிறீர்கள்.

5. இடிஏ: போலித் தளத்தில் மாட்டாதீர்கள்

2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா இல்லை, அதற்குப் பதில் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி. கட்டணம் 30 டாலரும் கொஞ்சம் சேவைத் தொகையும். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். அரசு முத்திரை போலவே ஒன்று இருக்கும், கடைசிப் பக்கத்தில் 80, 90 டாலர் கேட்கும். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓ', புள்ளி, 'கேஇ' என்று முடியும். அப்படி முடியாத எதுவும் அரசுத் தளம் இல்லை. என் கணவர் ஒருமுறை அட்டை எண்ணைப் போடும் வரை போய்விட்டார்.

தேவையானவை: வந்து சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லும் பாஸ்போர்ட், அதில் ஒரு வெற்றுப் பக்கம், வெள்ளைப் பின்னணிப் புகைப்படம், போக வர விமான டிக்கெட், தங்குமிட புக்கிங். மூன்று வேலை நாளில் வரும் என்பார்கள். இரண்டு வாரம் முன்பே போடுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயர் கட்டத்தில் இருந்தால் அப்படியே போடுங்கள், இனிஷியலாகச் சுருக்காதீர்கள். கட்டம் காலியாக இருக்கிறவர்கள் விமான டிக்கெட்டில் எப்படி இருக்கிறதோ அதே மாதிரி இடிஏவிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அச்செடுத்த நகல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

6. விமானம்

சென்னையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் இல்லை. மும்பை வழியாகவோ, வளைகுடா வழியாகவோ, அடிஸ் அபாபா வழியாகவோ போகலாம். மும்பையிலிருந்து ஆறு மணி நேரம்தான். கென்யா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். வந்து இறங்கிய அன்றே மாராவுக்குக் கிளம்பும்படி திட்டம் போடாதீர்கள். முதல் இரவை நைரோபியில் கழியுங்கள். விமானம் தாமதமானால் சஃபாரி வண்டி காத்திருக்காது, கட்டிய டிக்கெட்டும் திரும்பாது.

மாராவுக்குச் சிறு விமானத்திலும் போகலாம், முக்கால் மணி நேரம். அது கிளம்புவது வில்சன் விமான நிலையத்திலிருந்து. நீங்கள் வந்து இறங்குவது ஜோமோ கென்யாட்டாவில். இரண்டும் வேறு வேறு இடம், நடுவே நைரோபியின் டிராஃபிக். பைக்கு 15 கிலோதான் அனுமதி, அதுவும் சக்கரம் வைத்த பெட்டி கூடாது, துணிப் பைதான்.

7. பணம்

டாலர் வாங்கும்போது நோட்டில் அச்சான ஆண்டைப் பாருங்கள். 2009க்கு முந்தைய நோட்டு, ஓரம் கிழிந்த நோட்டு, பேனாக் கிறுக்கல் உள்ள நோட்டு எதையும் வாங்க மாட்டார்கள். டிப்ஸுக்கு ஒன்று, ஐந்து, பத்து டாலராகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். டிரைவருக்கு ஆளுக்கு நாளைக்குப் பத்து டாலர் அளவில் கொடுப்பது வழக்கம். கென்ய ஷில்லிங்கும் கொஞ்சம் வேண்டும், டாலருக்கு 130 ஷில்லிங் சுற்றி வரும். ஊர்க்காரர்கள் எல்லாம் எம்-பெசாவில் கொடுத்து வாங்குகிறார்கள், நம் ஜிபே மாதிரி. பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கினால் நமக்கும் கிடைக்கும், ஆனால் மூன்று நாளுக்கு அந்த வேலை தேவையில்லை.

பலூன் சவாரி ஆளுக்கு 450 டாலருக்கு மேல். மாசாய் கிராமத்துக்குக் கூட்டிப் போவதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள். இரண்டும் கட்டாயமில்லை. கிராமத்துக்குப் போவதென்றால், உள்ளே கால் வைக்குமுன் மொத்தம் எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

8. பையில் என்ன

பிளாஸ்டிக் கேரி பேக் கென்யாவில் 2017இலிருந்து தடை. ஒருமுறை குடித்துவிட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் சரணாலயங்களுக்குள் 2020 ஜூனிலிருந்து கூடாது. முறுக்கையும் மிக்சரையும் டப்பாவில் போடுங்கள், செருப்பைத் துணிப்பையில் சுற்றுங்கள். ஸ்டீல் தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று.

ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என்று நினைத்து அரைக்கைச் சட்டையாக அடுக்கினோம். மாரா 1,500 மீட்டருக்கு மேல். விடிகாலை ஆறு மணிக்குக் கூரை திறந்த வண்டியில் நின்றால் பல் தந்தி அடிக்கும். ஸ்வெட்டர், குல்லா கட்டாயம். பத்து மணிக்கு மேல் எல்லாவற்றையும் கழற்றும்படி வெயில் அடிக்கும். காக்கி, பச்சை, மண் நிறம் நல்லது. ராணுவ உடை போன்ற திட்டுத் திட்டான துணி வேண்டாம். டிரோன் கொண்டுவராதீர்கள். அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள்.

பைனாகுலர் ஒன்று மூவருக்குப் போதும் என்று நினைத்தோம். போதாது. கேமராவைவிட அதில்தான் நிறையப் பார்த்தோம். பிளக் இங்கிலாந்து மாதிரி, மூன்று சதுரக் கால், அடாப்டர் வேண்டும். தூசிக்கு நம் ஈரிழைத் துண்டைவிட நல்ல பொருள் இல்லை. முகத்தில் கட்டலாம், கேமராவை மூடலாம், தலையில் போடலாம்.

9. நைரோபியிலிருந்து மாரா வரை

சுமார் 225 கிலோமீட்டர், ஐந்து ஆறு மணி நேரம். வழியில் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு காட்சி முனை. எல்லா வண்டியும் நிற்கும். பள்ளத்தாக்கைப் பார்க்கக் காசில்லை. பின்னால் இருக்கும் கடைகளில் மரப் பொம்மைக்கு முதலில் சொல்லும் விலையைக் கேட்டு அசந்துவிடாதீர்கள், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பேசுங்கள். கழிப்பறைக்கு நிறுத்துவதும் அப்படிப்பட்ட கடை வாசலில்தான். பிறகு நாரோக் என்ற ஊர். கடைசி ஏடிஎம், மருந்துக் கடை, பழக் கடை எல்லாம் அங்கேதான்.

எங்கள் டிரைவர் ஏறியதும் அம்மாவைப் பார்த்து 'மாமா' என்றார். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. அதற்குப் பிறகு மூன்று நாளும் இவர் 'தம்பி', அவர் 'மாமா' என்றே ஓடியது.

கூடாரத்துக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது மழை பிடித்தது. ஆகஸ்டிலும் சாயங்காலம் ஒரு பாட்டம் பெய்யும். பத்தே நிமிடத்தில் பாதை அல்வாவாகிவிட்டது. முன்னால் போன ஒரு வேன் பக்கவாட்டில் வழுக்கி, சக்கரம் பாதி வரை புதைந்து நின்றது. 'பிளாக் காட்டன்' என்றார் டிரைவர். எனக்குப் புரியவில்லை, அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கோவில்பட்டிக்காரர். பருத்தி விளையும் கரிசல். கூடாரத்தில் இறங்கியதும் செருப்பில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி விரலில் உருட்டிப் பார்த்து, 'நம்ம மண்ணேதான். வெயில்ல வெடிச்சுக் கெடக்கும், மழையில ஆள இழுக்கும்' என்றார். ஜீப்பா வேனா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. புதைந்த வேனை எங்கள் ஜீப்தான் கயிறு கட்டி இழுத்தது.

10. வண்டிக்குள்

காலைச் சவாரியை மட்டும் தவறவிடாதீர்கள். 6:00 முதல் 9:30 வரை பார்ப்பதில் பாதிகூட மீதி நாளில் கிடைக்காது. வெயில் ஏறினால் சிங்கம் புதருக்குள் படுத்துவிடும். மதியம் அம்மாவைப் போன்றவர்கள் கூடாரத்தில் தூங்கலாம், இழப்பில்லை.

விதிகள்: டிரைவர் சொல்லாமல் இறங்கக் கூடாது. ஜன்னலில் உட்காரக் கூடாது. பாதையை விட்டு வண்டியை இறக்கச் சொல்லி டிரைவரை நச்சரிக்காதீர்கள். மாட்டினால் அபராதம் அவருக்கு. ஆற்றின் மேற்குக் கரையான மாரா முக்கோணத்தில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர வேண்டும். கிழக்குப் பக்கம் கூட்டம் அதிகம். ஒரு சிங்கத்துக்கு இருபது வண்டி எண்ணினேன், பார்க்கவே கூச்சமாக இருந்தது. நாங்களும் அதில் ஒன்று.

கழிப்பறைதான் பெண்கள் கேட்கத் தயங்கும் விஷயம். சவாரிப் பாதையில் பெரும்பாலும் இருக்காது. டிரைவரிடம் 'டயரைப் பார்க்க வேண்டும்' என்று சொன்னால் புரிந்துகொள்வார். வெட்டவெளியாகப் பார்த்து நிறுத்தி, சுற்றிலும் நோட்டம் விட்டு, வண்டிக்குப் பின்புறம் போகச் சொல்வார். புதர் மறைவு தேடிப் போகாதீர்கள், நமக்கு முன்பே யாராவது அங்கே படுத்திருக்கலாம். டிஷ்யூவைத் திரும்பக் கொண்டுவர ஒரு சிறு பை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். லெப்பர்ட்தான் சிறுத்தை, மரத்தில் இருக்கும், உடம்பில் பூப்போல வளையங்கள். சீட்டா சிவிங்கிப்புலி, வெட்டவெளியில் கறையான் புற்றின் மேல் நிற்கும், கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இறங்கும். டிரைவர்கள் சுவாஹிலியில் முதலாவதை சுய் என்பார்கள், இரண்டாவதை டுமா. வயர்லெஸில் 'சுய்' என்று காதில் விழுந்தால் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், வண்டி பறக்கும்.

11. தங்குமிடம், சாப்பாடு

லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்ட் எதிரே இருப்பதை நினைத்துவிடாதீர்கள். அங்கே லாட்ஜ் என்றால் கட்டடம், விலை கூடுதல். கேம்ப் என்றால் கட்டிலும் குளியலறையும் உள்ள கூடாரம். வெந்நீரும் மின்சாரமும் சில மணி நேரம்தான் பல இடங்களில். எந்த நேரம் என்று கேட்டு போன், கேமராவைச் சார்ஜ் போடுங்கள். இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியாக நடக்கக் கூடாது. டார்ச் அடித்துக் கூப்பிட்டால் காவலர் வந்து கூட்டிப் போவார்.

சைவர்கள் பயப்பட வேண்டாம், புக் செய்யும்போதே சொல்லிவிட்டால் போதும். சப்பாத்தி அவர்களுக்கே அன்றாட உணவு. 'எண்டெங்கு' என்று ஒரு குழம்பு வைத்தார்கள், நம் பாசிப்பயறு. ஊறுகாய் பாட்டில் மட்டும் வீட்டிலிருந்து.

12. கிளம்பும் காலையும் அதற்குப் பிறகும்

முதல் நாள் இரவே பெட்டியைக் கட்டி, விடுதிக் கணக்கை முடித்துவிடுங்கள். காலையில் பெட்டியோடு சவாரிக்குக் கிளம்பினால் திரும்பக் கூடாரத்துக்கு வர வேண்டியதில்லை. வாயில் பக்கமாகவே சுற்றிக்கொண்டு வெளியேறலாம். நாங்கள் பெட்டியை எடுக்க எதிர்த்திசையில் போனோம், அதில் போனது 20 நிமிடம். அந்த 20 நிமிடம் இருந்திருந்தால் சிறுத்தை மரத்திலிருந்து இறங்குவதைப் பார்த்திருப்போம்.

அன்றே நைரோபியிலிருந்து விமானம் என்றால் இரவு பத்து மணிக்குப் பிந்தையதாக இருக்கட்டும். மஞ்சள் அட்டையைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், பாஸ்போர்ட்டோடு கையிலேயே இருக்க வேண்டும். இந்தியாவில் இறங்கியதும் குடியேற்ற வரிசைக்கு முன்பே சுகாதார மேசையில் கேட்பார்கள்.

ஊருக்கு வந்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். சில வாரம், ஏன், சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால்கூட டாக்டரிடம் முதல் வாக்கியமாகக் 'கென்யா போய்வந்தேன்' என்று சொல்லி, மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.